மூன்று முழ இடம்

கடற்கரை நகரங்களுக்கு வாயில்கள் இரண்டு. ஒன்று கடலை நோக்கியது. மற்றொன்று நிலத்தை நோக்கியது. கடலை நோக்கிய வாயில் துறைமுகம். நிலத்தை நோக்கிய வாயில் சாலை. கப்பலில் வந்திறங்கும் பொருள் பெரும்பாலும் சாலையின் வழியாகவே நாட்டின் உட்பகுதிகளைச் சென்று சேர்கின்றது. நாட்டில் விளைந்த பொருளும் செய்த பொருளும் அச்சாலையின் வழியாகவே கப்பலை அடைகின்றன. சென்னை மாநகரின் வடபகுதி இவ்விரண்டு வாயில்களும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் இடமாகும். இராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் என்று கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் ஊர்களின் வரலாறு, வண்டிகளின் வரலாறே எனலாம்.

தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் 1856ஆம் ஆண்டில் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. நூறாண்டு கழிந்தபின் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களும், எண்ணூரில் லாரிகளும் பேருந்துகளும் உருவாகத் தொடங்கின. 1961ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய டயர்கள் செய்யும் தொழிலும் வேரூன்றியது. 1969ஆம் ஆண்டில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கலாயிற்று. சென்னைத் துறைமுகத்தில் 1983ஆம் ஆண்டில் சரக்குப் பெட்டகங்களைக் கையாளும் முனையம் திறக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் எண்ணூரில் மற்றொரு பெருந்துறைமுகம் தோன்றி, 2014ஆம் ஆண்டு முதல் காமராசர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஓடும் வண்டியும், அதன் சக்கரமும், அதற்கு வேண்டிய எண்ணெயும், அது சுமக்கும் பொருளும் ஆகிய அனைத்தையும் நாட்டிற்கு நல்கிய பெருமை இப்பகுதிக்கு உண்டு.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த பகுதியின் சாலைகளில், இப்பெருமை எதனையும் பெறாத எளிய வண்டி ஒன்றும் நாள்தோறும் ஓடுகின்றது. அதுவே மிதிவண்டி. விடியற்காலையில் ஆலைக்குச் செல்லும் தொழிலாளி அதன்மீது செல்கின்றார். காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தில் மீன் வாங்கிக் கூடையைப் பின்னே கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கச் செல்பவர் அதன்மீது செல்கின்றார். சோற்றுத் தூக்கைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு இரவு வேலைக்குச் செல்லும் காவலாளி அதன்மீது செல்கின்றார். பள்ளிக்குச் செல்லும் மாணவரும் மாணவியரும் அதன்மீது செல்கின்றனர். எண்ணெய் வேண்டா, புகை இல்லை, ஓசை இல்லை. தன்னை ஓட்டுபவரின் காலையன்றி வேறெதனையும் நம்பாத வண்டி அது.

இம்மிதிவண்டியில் செல்வோர் அனைவரும் ஒருமுகமாகக் கூறும் குறை ஒன்று உண்டு. பின்னால் வரும் பெருவண்டிகள் தம்மை உரசுவது போல் நெருங்கிக் கடந்து செல்கின்றன என்பதே அது. பெட்டக லாரி ஒன்று தோளருகே இரைந்துகொண்டு செல்லும்பொழுது, ஓட்டுபவரின் கை நடுங்குகின்றது, வண்டி தடுமாறுகின்றது, மனம் ஒரு கணம் உயிரைப் பற்றியே எண்ணுகின்றது. லாரி சென்றுவிடுகின்றது. ஒருவர்மீதும் மோதவில்லை, ஒருவர்க்கும் காயம் இல்லை. ஆதலின் இந்நிகழ்ச்சி எந்தக் காவல் நிலையத்தின் ஏட்டிலும் ஏறுவதில்லை. ஆயினும் நாள்தோறும் இவ்வாறு அஞ்சி அஞ்சிச் செல்லும் ஒருவரின் வாழ்வில் அது சிறு துன்பமன்று. இத்தகைய நெருக்கங்கள் பலவற்றுள் ஒன்றே ஒருநாள் விபத்தாக முடிகின்றது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் மிதிவண்டியில் சென்றோர் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்.

வண்டி ஓட்டுவோர் இவ்வாறு நெருங்கிச் செல்வதற்குக் காரணம் யாது? 'லாரி ஓட்டுவோர் இரக்கமற்றவர்' என்று பலர் எளிதில் விடை கூறிவிடுவர். இவ்விடை உண்மையின் ஒரு சிறு கூறேயன்றி முழு உண்மையன்று. லாரி ஓட்டுபவரும் ஒரு தொழிலாளியே. அவருக்கும் வீடு உண்டு, மக்கள் உண்டு, மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும் இருத்தல் கூடும். மனிதர் ஒருவர், மற்றொரு மனிதரின் உயிரைக் கவர வேண்டும் என்று எண்ணிக் காலையில் வண்டியில் ஏறுவதில்லை. ஆகவே காரணத்தை அவர் நெஞ்சில் மட்டும் தேடுதல் போதாது; சாலையின் அகலத்திலும், வண்டியின் நீளத்திலும், தொழிலின் முறையிலும் தேடுதல் வேண்டும்.

முதற்கண் சாலையின் அகலத்தைக் காண்போர்க்கு ஓர் எளிய கணக்கே பல உண்மைகளை உணர்த்தும். பெருஞ்சாலைகளில் ஒரு வரிசை வண்டிகள் செல்லுதற்கென வகுக்கும் தடம் ஏறத்தாழ 3.5 மீட்டர் அகலம் உடையது. லாரியின் அகலம் ஏறத்தாழ 2.5 மீட்டர். எஞ்சுவது ஒரு மீட்டர். மிதிவண்டியின் கைப்பிடி ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. அதனையும் கழித்தால் எஞ்சுவது 40 சென்டிமீட்டர்; அஃதாவது ஒரு முழத்திற்கும் குறைவு. அந்த ஒரு முழத்தையும் லாரிக்கும் மிதிவண்டிக்கும் இடையிலும், மிதிவண்டிக்கும் சாலையின் விளிம்புக்கு இடையிலும் பங்கிட வேண்டும். ஆகவே ஒரே தடத்திற்குள் நின்றுகொண்டு மிதிவண்டியைத் தீங்கின்றிக் கடந்து செல்லுதல் லாரிக்கு இயலாத செயல். கடக்க வேண்டுமாயின் அது வலப்பக்கத் தடத்திற்கு விலகிச் செல்லுதல் வேண்டும். விலக இடம் இல்லையாயின் வேகத்தைக் குறைத்துப் பின்னே வருதல் வேண்டும். மூன்றாவது வழி ஒன்று இல்லை. அந்த இல்லாத வழியைத்தான் பலரும் கையாளுகின்றனர்.

இனி, விலகிச் செல்லுதலும் அத்துணை எளிதன்று. மிதிவண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்திலும், லாரி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலும் செல்வதாகக் கொள்வோர், பின்வரும் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாற்பதடிப் பெட்டகம் ஒன்றே 12 மீட்டருக்கு மேல் நீளம் உடையது; அதனை இழுக்கும் முன்பகுதியையும் சேர்த்தால் வண்டியின் நீளம் ஏறத்தாழ 16 மீட்டர் ஆகும். மிதிவண்டியின் நீளமும், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளியும் சேர, அந்த லாரி மிதிவண்டியைக் காட்டிலும் 28 மீட்டர் மிகுதியாகச் செல்லுதல் வேண்டும். அதற்கு நான்கு நொடி ஆகும். அந்த நான்கு நொடியில் லாரி சாலையில் 44 மீட்டர் ஓடிவிடும். எதிரே மற்றொரு வண்டி அதே வேகத்தில் வருமாயின் அதுவும் 44 மீட்டர் ஓடிவரும். ஆகவே கடப்பதற்குமுன் ஏறத்தாழ 90 மீட்டர் தொலைவு எதிரே வெறுமையாக இருத்தல் வேண்டும். எண்ணூர்ச் சாலை போன்ற நெருக்கடியான சாலைகளில் அத்துணை வெறுவெளி அடிக்கடி கிடைப்பதில்லை. பாதி கடந்துகொண்டிருக்கும்பொழுதே எதிர்வண்டி அணுகிவிடுகின்றது. எதிரே வருவது மற்றொரு லாரி. பக்கத்தில் இருப்பது மிதிவண்டி. எதன்மீது மோதினால் தனக்குத் தீங்கு என்பதை ஓட்டுபவர் அறிவார். அவர் கை தானாகவே இடப்பக்கம் திரும்புகின்றது. வலிமை உள்ளதைக் கண்டு அஞ்சி, வலிமை இல்லாததை நெருக்கும் இயல்பு அந்த ஒரு நொடியில் வெளிப்படுகின்றது.

அவ்வாறாயின், இடம் கிடைக்கும்வரை பின்னே வந்தால் இழப்பது எவ்வளவு? அதனையும் கணக்கிட்டறிதல் நன்று. 200 மீட்டர் தொலைவு மிதிவண்டியின் பின்னே அதன் வேகத்திலேயே சென்றால் லாரிக்கு 48 நொடி ஆகும். தன் வேகத்தில் சென்றால் 18 நொடி ஆகும். இழப்பு அரை நிமிடம். துறைமுக வாயிலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும் லாரிக்கு இந்த அரை நிமிடம் எம்மாத்திரம்? வழியில் ஓர் உயிரை அச்சுறுத்திப் பெற்ற அரை நிமிடத்தை, வாயிலில் சென்று வாளா நின்று கழிப்பதில் என்ன ஊதியம் இருக்கின்றது?

காரணங்களுள் மற்றொன்று, ஓட்டுபவரின் இருக்கை. இந்நாட்டு வண்டிகளில் ஓட்டுபவர் வலப்பக்கத்தில் அமர்கின்றார். மிதிவண்டியோ சாலையின் இடப்பக்கத்தில் செல்கின்றது. ஆகவே அவர் தம் வண்டியின் எந்தப் பக்கத்தை நன்கு அறியாரோ அந்தப் பக்கத்திலேயே மிதிவண்டி இருக்கின்றது. உயர்ந்த இருக்கையிலிருந்து நோக்குவார்க்கு இடப்புறக் கதவின் அடியில் உள்ள இடம் கண்ணுக்குப் புலனாவதில்லை. மேலும், தம் இருக்கை மிதிவண்டியைக் கடந்தவுடன் தம் வண்டி முழுவதும் கடந்துவிட்டதாக அவர் மனம் எண்ணிவிடுகின்றது. பின்னே இன்னும் பன்னிரண்டு மீட்டர்ப் பெட்டகம் வந்துகொண்டிருக்கின்றது. அவர் இடப்பக்கம் திரும்பத் தொடங்கும்பொழுது, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் சுவட்டில் செல்லாமல், உட்புறமாக வெட்டிக்கொண்டு வருகின்றன. தலை தப்பியவரை வால் தாக்குவது இவ்வாறுதான்.

மிதிவண்டியின் இயல்பையும் இங்கு எண்ணுதல் வேண்டும். இரண்டு சக்கரத்தில் நிற்கும் வண்டி, நேர்கோட்டில் செல்வதுபோல் தோன்றினும், உண்மையில் சிறிது இடமும் வலமும் அசைந்தே செல்லும். அவ்வசைவே அதனை விழாமல் காக்கின்றது. சாலையின் ஓரத்தில் கடல்மணல் படிந்திருக்கும்; பள்ளம் இருக்கும்; மழைநீர் தேங்கியிருக்கும். அவற்றை விலக்க அது சிறிது வலப்பக்கம் வருதல் இயற்கை. பெரிய பெட்டகத்தைச் சுமந்து விரைந்து வரும் லாரி, தன் முன்னே உள்ள காற்றைப் பக்கங்களில் தள்ளுகின்றது. கடந்த பின்னர் அக்காற்று வெற்றிடத்தை நோக்கி உட்புறம் பாய்கின்றது. மிதிவண்டியில் செல்பவர் முதலில் வெளியே தள்ளப்படுகின்றார். பின்னர் உள்ளே ஈர்க்கப்படுகின்றார். ஆகவே தொடாமற் சென்றாலே போதும் என்று எண்ணுதல் அறியாமை. தொடாமலே வீழ்த்தும் ஆற்றல் பெருவண்டிக்கு உண்டு.

இப்பொருளை அளந்து ஆராய்ந்தோரும் உளர். இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டில் இயன் வாக்கர் என்னும் உளவியல் அறிஞர், தம் மிதிவண்டியில் தொலைவை அளக்கும் கருவி ஒன்றைப் பொருத்திக்கொண்டு தாமே சாலைகளில் சென்றார். தம்மைக் கடந்த 2,300க்கும் மேற்பட்ட வண்டிகள் எவ்வளவு இடைவெளி விட்டன என்பதைக் குறித்தார். கார்களைக் காட்டிலும் பேருந்துகளும் லாரிகளுமே மிக நெருங்கிச் சென்றன என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. மிகுந்த இடம் விடவேண்டிய வண்டிகளே குறைந்த இடம் விட்டன. அவ்வாராய்ச்சியின்போது அவரே இருமுறை வண்டிகளால் மோதப்பட்டார். நாடு வேறாயினும் சாலை ஒன்றே. வண்டியின் நீளமும் மனத்தின் அவசரமும் எங்கும் ஒன்றே.

அவசரம் என்பது ஓட்டுபவர் தாமே படைத்துக்கொண்டதன்று. சரக்கு லாரித் தொழிலில் நடையைக் கணக்கிட்டு ஊதியம் தரும் வழக்கம் பரவியுள்ளது. ஒரு நடை மிகுந்தால் வருவாய் மிகும்; ஒரு நடை குறைந்தால் அடுப்பில் உலை குறையும். துறைமுக வாயிலிலும் சாலையோரத்திலும் காத்து நின்ற நேரத்திற்கு ஊதியம் இல்லையாயின், இழந்த நேரத்தை ஓடும் சாலையில் மீட்க அவர் முயல்கின்றார். உறக்கம் இன்றி, உரிய உணவு இன்றி, நிழலும் நீரும் இன்றிக் காத்திருந்தவரிடம் பொறுமையை எதிர்பார்த்தல் எளிதன்று. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குச் செல்லும் உயர்நிலைச் சாலைத் திட்டம் 2009ஆம் ஆண்டில் தொடங்கி, 2012ஆம் ஆண்டில் நின்று, 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் மீண்டும் அடிக்கல் பெற்றது. திட்டங்கள் ஏட்டில் காத்திருக்கும் ஆண்டுகளில், லாரிகள் சாலையில் காத்திருக்கின்றன. அவற்றின் அவசரத்திற்கு மிதிவண்டியில் செல்பவர் விலை கொடுக்கின்றார்.

காத்திருக்கும் லாரிகள் வேறொரு தீங்கும் செய்கின்றன. அவை சாலையின் இடப்பக்க ஓரத்தில் வரிசையாக நிற்கும்பொழுது, மிதிவண்டி செல்லுதற்குரிய இடம் முழுவதும் மறைந்துவிடுகின்றது. நிற்கும் லாரிக்கும் ஓடும் லாரிக்கும் இடையே உள்ள சந்தே அதன் வழி ஆகின்றது. ஒருபுறம் எப்பொழுது திறக்கும் என்று அறிய முடியாத கதவு. மறுபுறம் எப்பொழுது நெருங்கும் என்று அறிய முடியாத சக்கரம். இவ்விரண்டிற்கும் இடையே செல்பவர் கற்ற வித்தை, கழைக்கூத்தாடி கற்ற வித்தைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆனால் கழைக்கூத்தாடிக்குக் கைதட்டல் கிடைக்கும். இவருக்கு ஒலிப்பானின் இரைச்சலே கிடைக்கும்.

இவை எல்லாவற்றிற்கும் அடியில் ஒரு மனப்பான்மையும் மறைந்து கிடக்கின்றது. வண்டி பெரிதாயின் உரிமையும் பெரிது. வண்டி சிறிதாயின் உரிமையும் சிறிது என்பதே அது. சாலையில் லாரி காருக்கு வழிவிடத் தயங்குகின்றது. கார் மோட்டார் சைக்கிளை ஒதுக்குகின்றது. மோட்டார் சைக்கிள் மிதிவண்டியை ஒதுக்குகின்றது. மிதிவண்டி நடப்பவரை ஒதுக்குகின்றது. பிறப்பினால் உயர்வு தாழ்வு கூறுதல் தவறு என்று பள்ளியில் கற்றவரே, சக்கரத்தின் அளவினால் உயர்வு தாழ்வு கற்பித்துக்கொள்கின்றனர். மிதிவண்டி ஏழையின் வண்டி என்னும் எண்ணமும் இதனோடு சேர்கின்றது. ஏழைக்குக் கொடுக்க வேண்டிய இடத்தைக் கொடையாக எண்ணுகின்றனரேயன்றிக் கடமையாக எண்ணுவதில்லை.

'மிதிவண்டியில் செல்வோர் குற்றமே அற்றவரோ?' என்று சிலர் வினவுவர். அவ்வினாவில் நியாயம் உண்டு. இரவில் விளக்கின்றிச் செல்வோர் உளர். பின்புறம் ஒளியை மீட்டுக் காட்டும் சிவப்புச் சில்லுகூட இன்றிச் செல்வோர் உளர். கைகாட்டாமல் திடீரெனத் திரும்புவோரும், எதிர்த்திசையில் வருவோரும் உளர். இவை திருத்தப்பட வேண்டிய குற்றங்களே. ஆயினும் இரண்டு குற்றங்களையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தல் கூடாது. மிதிவண்டியில் செல்பவர் தவறு செய்தால் பெரும்பாலும் அவரே அடிபடுவார். லாரி ஓட்டுபவர் தவறு செய்தால் அடிபடுபவர் மற்றொருவர். பிறரைக் கொல்லும் ஆற்றல் எவரிடம் மிகுதியோ, அவரிடம் பொறுப்பும் மிகுதியாக இருத்தல் வேண்டும். இஃது அறநூல்கள் எல்லாவற்றிற்கும் உடன்பாடான முறை.

'துறைமுகச் சாலையில் மிதிவண்டிக்கு என்ன வேலை? அது வேறு வழியில் செல்லலாமே!' என்று கூறுவோரும் உளர். அவர் இப்பகுதியின் அமைப்பை நினைத்துப் பார்ப்பதில்லை. கிழக்கே கடல், மேற்கே இருப்புப்பாதையும் ஆலைகளும், இடையே ஒரு சில சாலைகளே வடக்கும் தெற்குமாகச் செல்கின்றன. தொழிலாளியின் வீடும் அச்சாலையில் உள்ளது; அவர் ஆலையும் அச்சாலையில் உள்ளது. 2021ஆம் ஆண்டு முதல் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை ஓடுகின்றது. அது பலருக்கும் பெருந்துணை என்பதில் ஐயம் இல்லை. ஆயினும் மீன்கூடையை ஏற்றிச் செல்பவருக்கும், நள்ளிரவில் வேலை முடிந்து வருபவருக்கும், நிலையத்திலிருந்து தொலைவில் வாழ்பவருக்கும் மிதிவண்டியே கதி. துறைமுகம் வருவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த மீனவர் குடும்பங்களை நோக்கி, 'இச்சாலை உங்களுக்கு உரியதன்று' என்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்?

தமிழகம் நன்கறிந்த பழங்கதை ஒன்று இங்கு நினைக்கத் தக்கது. திருவாரூரில் சோழ இளவரசன் தேரேறிச் சென்றபோது, பசுங்கன்று ஒன்று அத்தேர்க்காலில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் இருந்த ஆராய்ச்சி மணியை அசைத்தது. அமைச்சர்கள் மன்னனுக்குப் பல சமாதானங்கள் கூறினர். இளவரசன் வேண்டுமென்று செய்தானல்லன். கன்றுதான் அறியாது குறுக்கே புகுந்தது. இதற்குக் கழுவாய் செய்தாற் போதும் என்றனர். மனுநீதிச் சோழன் அவற்றை ஏற்கவில்லை. தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்பது வரலாறு. அக்காலத் தண்டனையை இக்காலம் ஏற்காது, ஏற்கவும் வேண்டா. ஆயினும் அக்கதையின் உட்பொருள் என்றும் மாறாதது. தேரில் இருப்பவன் வழியில் செல்லும் சிற்றுயிருக்குப் பொறுப்பாளி. 'அதுதான் குறுக்கே வந்தது' என்பது அவன் கூறத்தக்க விடையன்று. மேலும் ஒன்று உண்டு: கன்றுக்காக மணியடிக்கத் தாய்ப்பசு இருந்தது; மணியோசையைக் கேட்க மன்னன் இருந்தான். இன்று நெருக்குண்டு அஞ்சிச் செல்பவருக்கு அசைப்பதற்கு ஒரு மணி வேண்டும். கேட்பதற்கு ஒரு செவி வேண்டும்.

அந்த மணியே சட்டம். செருமனி நாடு 2020ஆம் ஆண்டில், மிதிவண்டியைக் கடக்கும் மோட்டார் வண்டிகள் ஊருக்குள் 1.5 மீட்டரும், ஊருக்கு வெளியே 2 மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்று விதித்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2014ஆம் ஆண்டில், 60 கிலோமீட்டர் வரையுள்ள வேக எல்லையில் ஒரு மீட்டரும், அதற்கு மேல் 1.5 மீட்டரும் விடுமாறு விதித்தது. 1.5 மீட்டர் என்பது தமிழர் அளவையில் மூன்று முழத்திற்குச் சற்று மிகுதி. இந்தியாவிலும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்து விளைக்கும் வகையில் வண்டி ஓட்டுதலைக் குற்றமாகக் கருதுகின்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், முறைக்கு மாறாகப் பிற வண்டிகளைக் கடத்தலையும் அக்குற்றத்துள் சேர்த்தது. ஆனால் 'பாதுகாப்பாகச் செல்க' என்று பொதுவாகக் கூறுவதினும், 'மூன்று முழம் விடுக' என்று அளவு கூறுவது மனத்தில் எளிதில் பதியும். அளவில்லாத கட்டளையை ஒவ்வொருவரும் தம் வசதிக்கேற்ப அளந்துகொள்வர்.

சட்டம் மட்டும் போதாது; சாலையும் மாற வேண்டும். நெதர்லாந்து நாடு இதற்கு நல்ல சான்று. 1971ஆம் ஆண்டில் அச்சிறு நாட்டில் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவருள் குழந்தைகள் நானூற்றுக்கும் மேற்பட்டவர். பெற்றோரும் பொதுமக்களும் தெருவில் இறங்கி, குழந்தைகள் சாலையில் மடிவதை நிறுத்துமாறு கிளர்ச்சி செய்தனர். அதன் பின்னரே அந்நாட்டில் மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகள் ஊர்தோறும் பெருகின. 'துறைமுக நகரில் அஃது இயலாது' என்று கூறுவோருக்கும் அந்நாடே விடை தருகின்றது. ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகம் உள்ள ராட்டர்டாம் நகரில், ஆற்றின் அடியில் 1942ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சுரங்க வழியில், மோட்டார் வண்டிகளுக்கு ஒரு பாதையும், மிதிவண்டிகளுக்கு வேறொரு பாதையும் உண்டு. ஆற்றின் அடியிலேயே தொழிலாளியின் மிதிவண்டிக்கு இடம் தேடியவர்கள் அவர்கள். நிலத்தின்மேல் இடம் தேடுதல் அரிதாகுமோ?

சென்னை மாநகராட்சியும் 2014ஆம் ஆண்டில் நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் முதலிடம் தரும் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. நல்ல கொள்கை, அது நகரின் எழில்மிகு தெருக்களில் தொடங்கினும், லாரிகள் மிகுந்த வடபகுதியில் நிறைவேறும்பொழுதுதான் முழுப் பயன் தரும். செய்ய வேண்டியவை பலவல்ல. மிதிவண்டிப் பாதையை வெள்ளைக் கோட்டினால் மட்டும் பிரிக்காமல், சக்கரம் ஏற இயலாத கல்வரம்பினால் பிரித்தல் வேண்டும். காத்திருக்கும் லாரிகளுக்குச் சாலைக்கு வெளியே நிழலும் நீரும் கழிப்பிடமும் உடைய நிறுத்துமிடங்கள் அமைத்தல் வேண்டும். காத்திருந்த நேரத்திற்கும் ஊதியம் வழங்குதல் வேண்டும். லாரியின் பக்கங்களில், வீழ்ந்தவர் சக்கரத்தின் அடியில் புகாதவாறு காப்புக் கம்பிகள் பழுதின்றி இருத்தல் வேண்டும். இவை அனைத்தும் லாரி ஓட்டுபவருக்கும் நன்மையே. அச்சமின்றி ஓட்டும் சாலையை அவரும் விரும்புவார்.

இவை வரும்வரை ஓட்டுபவர் காத்திருக்கலாமோ எனின், ஆகாது. சாலை குறுகியதாயினும், ஊதியம் குறைந்ததாயினும், வேகத்தைக் குறைக்கும் மிதி அவர் காலடியில்தான் உள்ளது. இடம் உள்ளபொழுது விலகிக் கடத்தல், இடம் இல்லாதபொழுது பொறுத்துப் பின்தொடர்தல், பெட்டகத்தின் வால் முழுவதும் கடந்த பின்னரே இடப்பக்கம் திரும்புதல், பின்னின்று ஒலிப்பானை முழக்கி அஞ்சச் செய்யாமை ஆகிய இந்நான்கும் எவர் உதவியும் இன்றி இன்றே செய்யத்தக்கவை. ஓட்டுநர் உரிமம் பெற விரும்புவோர், ஒருநாளேனும் மிதிவண்டியில் ஏறிப் பெருஞ்சாலையில் சென்று வருதல் வேண்டும் என்று ஒரு விதி செய்யலாம். தோளருகே லாரி இரையும் அச்சத்தை ஒருமுறை உணர்ந்தவர், பிறருக்கு அதனைத் தரக் கூசுவார்.

இப்பொருள் மாணவர்க்கு அயலானதன்று. தமிழ்நாட்டு அரசு 2001ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையின்றி மிதிவண்டி வழங்கத் தொடங்கிப் பின்னர் அத்திட்டத்தை ஏனைய மாணவர்க்கும் விரித்தது. வண்டி கிடைத்ததனால் பள்ளி அருகில் வந்தது. படிப்பு இடையில் நின்றுவிடாமல் தொடர்ந்தது. வண்டியைக் கொடுத்த நாடு, அதனை அச்சமின்றி ஓட்டும் வழியையும் கொடுத்தல் முறை. சாலைக்கு அஞ்சித் தம் மகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் ஒருவர் இருப்பினும், அவ்வளவில் அத்திட்டம் தோற்றதாகும். மாணவரும் தம் கடமையை மறத்தல் கூடாது. விளக்கும் தடையும் செம்மையாக வைத்திருத்தல், கைகாட்டித் திரும்புதல், நிற்கும் லாரியை அணுகும்போது விழிப்புடன் இருத்தல், லாரியின் இடப்பக்கச் சந்தில் புகுந்து முந்தாமை ஆகியவை அவர்தம் உயிரைக் காக்கும் பழக்கங்கள்.

இன்று மிதிவண்டியில் செல்லும் மாணவருள் பலர் நாளை மோட்டார் சைக்கிள் ஓட்டுவர். சிலர் கார் ஓட்டுவர். சிலர் லாரியும் பேருந்தும் ஓட்டுவர். சிலர் சாலைகளை வகுக்கும் பொறியாளர் ஆவர். சிலர் சட்டம் செய்யும் மன்றங்களிலும் அமர்வர். உயர்ந்த இருக்கையில் அமரும்பொழுது, தாழ்ந்த இருக்கையில் தாம் இருந்த காலத்தை மறத்தல் மனித இயல்பு. மறவாதிருத்தல் கல்வியின் பயன். கப்பலுக்குக் கடலில் வழிவிடக் கலங்கரை விளக்கம் கட்டிய நகரம் இது. தொழிலாளியின் மிதிவண்டிக்குச் சாலையில் விட வேண்டியது மூன்று முழ இடமே. அதனைக் கொடுப்பதனால் எந்தக் கப்பலும் தவறிப்போவதில்லை; எந்த ஆலையும் நின்றுபோவதில்லை. கொடாமையினால் போவது ஓர் உயிர்; போனால் அது மீண்டும் வருவதில்லை.